"அங்க போய் நீங்க என்ன செஞ்சீங்க அப்பச்சி?" – செவ்வாய்ப் பொங்கலில் கிளம்பிய ஒரு கேள்வி

#1 கண்ணாத்தாள்பேரன் (சிங்கப்பூர்)

எல்லாருக்கும் வணக்கம். நாலு வருஷமா இங்க வாசிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை.

சொந்த ஊர் நாட்டரசன்கோட்டை. பிழைப்பு பதினேழு வருஷமா சிங்கப்பூரில். இந்தத் தை மாசம் நாலு நாள் லீவு போட்டு, மூணு டிக்கெட் எடுத்து, செவ்வாய்ப் பொங்கலுக்கு வந்துட்டுப் போனோம். வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன்: தைப்பொங்கல் கழிஞ்சு வர்ற முதல் செவ்வாய்க்கிழமை, கண்ணாத்தா கோயில் முன்னாடி ஊர் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) எல்லாரும் வரிசையாப் பொங்கல் வைப்போம். புள்ளிக்கு ஒரு பானை. 900 பானைக்கு மேல வரும். யார் பானை முதல்ங்கிறதைச் சீட்டுக் குலுக்கி எடுப்பாங்க. கோடீஸ்வரனும் சரி, கடையில் கணக்கு எழுதுறவரும் சரி, சீட்டு வந்த வரிசையில் மண்பானையை வச்சுக்கிட்டு நிக்கணும்.

திரும்பும்போது விமானத்தில் மகள் கேட்டா. அவளுக்கு 14 வயசு. எங்க பக்கம் அப்பாவை அப்பச்சின்னு கூப்பிடுவாங்க. "அங்க போய் நீங்க என்ன செஞ்சீங்க அப்பச்சி? அம்மா புகையில் கண்ணைக் கசக்கிக்கிட்டு நின்னாங்க. நீங்க பக்கத்துல நின்னீங்க. எல்லாரும் எல்லாரையும் 'எப்ப வந்தீக, எப்பப் போறீக'ன்னு கேட்டாங்க. அவ்வளவுதானே?"

கிண்டலா இல்லை, நிஜமாவே கேட்டா. எனக்குப் பதில் வரலை. சாமி கும்பிடணும்னா மறுநாள் கூட்டம் இல்லாமக் கும்பிடலாம். சிங்கப்பூரிலேயே டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் இருக்கு, 1859-ல் நம்ம ஆளுக கட்டினது. பொங்கல் வேணும்னா வீட்டு அடுப்பில் வச்சுக்கலாம். சொந்தக்காரங்களைப் பார்க்கணும்னா போன் இருக்கு. எதுக்கு அவ்வளவு செலவு பண்ணி வந்து ரெண்டு மணி நேரம் வெறுமனே நின்னேன்? நிக்காம இருந்திருந்தா எனக்கு ஏன் மனசு அடிச்சுக்கும்?

திருவிழா, கல்யாணம், தேர், கேதம், கூட்டம்னு எதுக்காவது விடாமப் போறவங்க ஏன் போறீங்கன்னு சொல்லுங்க. விட்டுட்டவங்களும் சொல்லுங்க. அவகிட்ட நேர்மையா ஒரு பதில் சொல்லணும்.

#2 பழையபெட்டகம் (காரைக்குடி)

தம்பி, உங்கள் கேள்வியிலேயே விடை கிடக்கிறது. "புள்ளிக்கு ஒரு பானை" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

நகரத்தார் அல்லாத நண்பர்களுக்காக ஒரு விளக்கம். எங்களுக்கு ஒன்பது நகரக் கோயில்கள். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. பிறந்தவன் எல்லாம் கணக்கில் வந்துவிட மாட்டான். கல்யாணம் ஆகி, கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி. திருப்பூட்டுக்கு (தாலி கட்டுவதற்கு) முன்னால் இரு வீட்டாரின் கோயிலிலிருந்தும் மாலை வரவேண்டும். மாலை வந்தால்தான் அது கல்யாணம். அன்றிலிருந்து அந்தத் தம்பதி பெயரில் கோயிலில் ஒரு புள்ளி ஏறும், அதற்குரிய வரியும் ஏறும்.

என் ஐயா (அப்பாவின் அப்பா) பர்மாவில் கடையில் இருந்தவர். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊருக்குக் கப்பல். அந்த மூன்று வருஷமும் அவர் இங்கே ஒரு திருவிழாவிலும் நிற்கவில்லை. ஆனாலும் அவர் புள்ளி வரி தவறியதில்லை. ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கோயிலுக்கும் பங்காளிகள் சேர்ந்து முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டுக்கும் போவார். அப்பத்தா சொல்வார்கள்: "வந்து நின்னாத்தான் வந்த மாதிரி."

ஆக, நீங்கள் பொங்கல் வைக்கவோ, பார்க்கவோ போகவில்லை. எண்ணப்படுவதற்காகப் போனீர்கள். 900 பானையில் ஒன்று குறைந்தால் ஊருக்குத் தெரியும். அது உங்களுடையது என்பதும் தெரியும். ஒருகாலத்தில் 96 ஊராக இருந்தது, இன்று 70-க்கு மேல் ஏதோ மிச்சம். பாதி வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. பூட்டிய வீட்டுக்காரனுக்கு ஊரில் தன் பெயரை வைத்திருக்க வேறு என்ன வழி இருக்கிறது?

#3 முகப்புத்தூண் (புனே)

பெரியவர் சொன்னது புரியுது. அதே காரணத்துக்காகத்தான் நான் போறதை நிறுத்தினேன்.

எனக்கு 36. கல்யாணம் ஆகலை, பண்ணிக்கிற எண்ணமும் இல்லை. உங்க கணக்குப்படி நான் ஒரு புள்ளிகூட இல்லை. படைப்புக்கு வந்தாலும் அப்பா பேரில் வந்த ஆள், அவ்வளவுதான். கடைசியா ஆறு வருஷம் முன்னாடி ஒரு சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) போனேன். வளவுக்குள்ள (வீட்டு உள்முற்றம்) கால் வச்சதிலிருந்து பந்தியில் எந்திரிக்கிற வரைக்கும் ஒரே கேள்விதான். என்ன வேலை பார்க்கிறேன், என்ன படிக்கிறேன், மனசுல என்ன இருக்குன்னு ஒருத்தரும் கேட்கலை. நான் அங்க இல்லாத ஒருத்தனாத்தான் அங்க இருந்தேன்.

போறது நம்ம அடையாளம்னு சொல்றீங்க. போகாம இருக்கிறதும் ஒரு அடையாளம்தான். நான் வரலைன்னா அதுலயும் நான் ஒண்ணு சொல்றேன்.

ஆனா ஒரு விஷயம் சொல்லணும். வருஷம் தவறாமப் பங்குனியில் காரைக்குடிக்கு வர்றேன். கம்பன் விழாவுக்கு. கல்யாண வீட்டுக்கு வராதவன் இதுக்கு எப்படி வர்றான்னு அம்மாவுக்கு வருத்தம்.

#4 இலைக்கணக்கு (காரைக்குடி)

நாங்க மூணு தலைமுறையா கல்யாணச் சமையல். அடுப்படியிலிருந்து பார்த்ததைச் சொல்றேன்.

எங்களுக்கு வந்த ஆளைவிட வராத ஆள்தான் முதல்ல தெரியும். காலைப் பந்திக்கு 600 இலைன்னு சொல்லியிருப்பாங்க. இடியாப்பமும் வெள்ளைப் பணியாரமும் அந்தக் கணக்கில் போடுவோம். 540-ல் நின்னுச்சுன்னா அண்டாவைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சுரும். அப்ப கல்யாண வீட்டுப் பெரியவர் அடுப்படி வாசலில் வந்து நிப்பார். மீந்த பலகாரத்தைப் பத்திப் பேசவே மாட்டார். "மேலத்தெரு பங்காளி வீடு சாப்பிட்டாச்சா?"ன்னுதான் கேட்பார். எத்தனை பேருன்னு கேட்கிறதில்லை, யாருன்னுதான் கேட்பாங்க.

இப்ப ஒரு புதுசு. மொய்யை ஜீபேயில் அனுப்பிடுறாங்க. மேசையில் கார்டு ஒட்டியிருக்கும், எழுதுறவர் போனைப் பார்த்துப் பார்த்து நோட்டில் பேரை ஏத்துவார். போன மாசம் ஒரு கல்யாணத்தில் பொண்ணோட அப்பா அந்த நோட்டைப் புரட்டிட்டு எங்கிட்ட சொன்னார், "தம்பி, பணம் பூரா வந்துருச்சு. ஆளைத்தான் காணோம்." அவர் முகம் வாடிப் போச்சு. ரூபாயில ஒரு பைசா குறையலை.

எங்க அப்பாவுக்கு 71 வயசு. அடுப்புப் பக்கம் நிக்க முடியாது. இருந்தும் முகூர்த்த நாளில் வேட்டி கட்டி வண்டியில் ஏறி உட்கார்ந்துருவார். அங்க வந்து உப்பு மட்டும் பார்ப்பார். அவரை விட்டுட்டுப் போனா அன்னைக்கு வீட்டில் சாப்பிட மாட்டார்.

#5 கட்டுமாடு (திருப்பத்தூர் வட்டாரம்)

நகரத்தார் கதை மட்டும்தான் பேசணுமா? செட்டிநாட்டுல நாங்களும் இருக்கோம்.

எங்களுக்குத் தை மூணு. சிராவயல் மஞ்சுவிரட்டு. மாசி மகத்துக்கு அரளிப்பாறை. வாடிவாசல் வழியா அவுக்குற சல்லிக்கட்டு வேற, மஞ்சுவிரட்டு வேற. தொழுவிலிருந்து முதல்ல கோயில் மாடு வெளிய வரும், அதுக்கு மரியாதை. பொறவு மத்த மாடுக. அதுக்கு முன்னாடியே பொட்டல்ல, வயக்காட்டுல அங்கங்க அவுத்து விடுறதுதான் கட்டுமாடு. எங்க மாடு எப்பவும் கட்டுமாடு. பரிசு கிடையாது, மைக்கில் பேர் வராது. பிடிபட்டுச்சா இல்லையான்னு எழுதி வைக்கவும் யாரும் இல்லை.

அப்புறம் ஏன் கொண்டு போறோம்? எங்க அப்பா கொண்டு போனாரு, அவங்க அப்பா கொண்டு போனாரு. மாட்டுக் கொம்புல துண்டு கட்டி, வீட்டுப் பொம்பளைக கும்பிட்டு அனுப்பி, பொட்டல்ல போய் நிக்கிறப்ப நாலு ஊர்க்காரன் "இன்னார் வீட்டு மாடு வந்துருச்சு"ன்னு சொல்லுவான். அந்த ஒரு வார்த்தை.

2014 மே மாசம் உச்சநீதிமன்றம் தடை போட்டுச்சுல்ல? அந்த வருஷங்களில் தை மூணு அன்னைக்குக் காலையில எங்க அப்பா மாட்டைக் குளிப்பாட்டிட்டு, தொழுவத்திலேயே கட்டிட்டு, பக்கத்துல உட்கார்ந்து இருப்பாரு. எங்கயும் போக மாட்டாரு, எதுவும் பேச மாட்டாரு. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடினப்ப நான் சென்னையில் வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். மூணு ராத்திரி அங்க இருந்தேன். என்னைச் சுத்தி இருந்த நிறையப் பிள்ளைக மாட்டைக் கயிறு பிடிச்சு நடத்திப் பார்த்ததே இல்லை. எனக்கு முதல்ல கோபமாத்தான் வந்துச்சு. இதுகளுக்கு என்ன தெரியும்னு. ரெண்டாம் நாள் ஒரு திருவள்ளூர்ப் பையன் எங்கிட்ட மாட்டைப் பத்தி ஒரு மணி நேரம் கேட்டான். எங்க மாட்டுப் பேரைக் கேட்டு வச்சுக்கிட்டான். அவன் மாட்டுக்காக வரலை, "நான் யாரு"ன்னு கேட்டுக்கிட்டு வந்திருந்தான்னு எனக்கு அப்பப் பட்டுச்சு. 2023 மே மாசம் அரசியல் சாசன அமர்வு சட்டம் செல்லும்னு சொன்ன அன்னைக்கு அவன்தான் முதல்ல போன் பண்ணினான்.

#6 ஆத்தங்குடிக்கல் (கோயம்புத்தூர்)

என் கல்யாணம் 2020 ஜூனில். 50 பேருக்கு மேல் கூடாது என்று விதி. எங்கள் வீட்டுப் பக்கம் 25 பேர்.

அந்த 25 பேரை எழுதிய ராத்திரியை மறக்கவே முடியாது. அப்பா ஒரு தாளை எடுத்துக்கொண்டு பட்டாலையில் உட்கார்ந்தார். அம்மாவின் அண்ணன் தம்பி நாலு பேர். அப்பாவின் பங்காளி வீடு ஏழு. ஆளுக்கு ஒருவர் என்றாலே பதினொன்று. எழுதுவார், அடிப்பார். விடிகாலை மூணு மணிக்கு அவர் அழுததைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அதுவரை பார்த்ததில்லை. "யாரை வேண்டாம்னு சொன்னாலும் நம்மளை நாமே வெட்டிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அதுவரை எனக்கும் கண்ணாத்தாள்பேரன் அண்ணன் மகளுக்கு வந்த அதே கேள்வி இருந்தது. எதற்கு 2000 பேர், முகமே தெரியாத கூட்டம் எதற்கு என்று. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அப்பா யார் என்பது அந்த 2000 பேரில் பரவிக் கிடந்தது. 25 ஆகச் சுருக்கினால் அவர் ஆளே சுருங்கிப் போனார்.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மான் அழைப்பு இல்லாமலேயே வந்தார். மாஸ்க் போட்டுக்கொண்டு தெருவில், எதிர்த் திண்ணையில் நின்றார். உள்ளே வரவில்லை. திருப்பூட்டி முடிந்து நான் முகப்புக்கு வந்தபோது கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போய்விட்டார். கல்யாண போட்டோவில் அவர் இல்லை. எனக்கு என் கல்யாணத்தில் முதலில் ஞாபகம் வருவது அவர்தான்.

#7 பழையபெட்டகம் (காரைக்குடி)

ஆத்தங்குடிக்கல் எழுதியதைப் படித்துச் சற்று நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

அதே காலத்தில் இறப்புக்கு 20 பேர் என்றிருந்தது. நல்லதுக்கு அழைத்தால்தான் போகவேண்டும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போகவேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தை அந்த இரண்டு வருஷம் முறித்துப் போட்டது. என்னுடன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் போனான். பத்து கிலோமீட்டர். போக முடியவில்லை. நாலு மாதம் கழித்துக் கேதம் கேட்கப் போனேன். அவன் வீட்டுக்காரி என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "நீங்க வரலைன்னு அவுக நினைக்கலை, வரமுடியலைன்னுதான் நினைச்சிருப்பாக." நான் கேட்காமலேயே சொன்னார்கள்.

#8 தேவகோட்டைமருமகள்

இந்த இழையை நேற்று ராத்திரியிலிருந்து மூன்று முறை வாசித்துவிட்டேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எழுதுகிறேன்.

பெட்டகம் அண்ணன் புள்ளி என்றால் என்ன என்று விளக்கினீர்கள். தம்பதியில் ஒருவர் போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதியிருக்கலாம். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். இப்போது நான் அரைப்புள்ளி. கணக்குக்காக வைத்த சொல்தான், யாரும் என் மனம் நோகவேண்டும் என்று வைத்ததில்லை. ஆனாலும் அந்த "அரை" என்ற சொல்லை ரசீதில் முதல்முறை பார்த்த அன்று கோயில் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எண்ணப்படுவதற்காகப் போகிறோம் என்கிறீர்கள், சரி. எப்படி எண்ணுகிறார்கள் என்பதும் இருக்கிறது இல்லையா? நான் கல்யாணத்துக்குப் போவேன். மணவறைப் பக்கம் யாரும் என்னைப் போகாதே என்று சொல்வதில்லை. நானாகவே வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டில் வெற்றிலை மடிக்க உட்கார்ந்துகொள்வேன். என்னைப் போல நாலைந்து பேர் அங்கே இருப்போம். எங்களுக்குள் ஒரு கல்யாணம் நடக்கும், யாருக்கும் தெரியாது. அவ்வளவு பேச்சு, அவ்வளவு பாட்டு. அந்தக் கூட்டத்துக்காகத்தான் நான் போகிறேன் என்று சொன்னால் நம்புவீர்களா? முகப்பில் சந்தனம் வாங்கிக்கொண்டு போகிற ஆயிரம் பேருக்கு நான் அரை. அந்த நாலு பேருக்கு முழுசு.

பிள்ளையார் நோன்பு பற்றியும் சொல்லவேண்டும். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், நாளுக்கு ஒரு நூலாகக் கோடி வேட்டியிலிருந்து எடுத்துத் திரியாக்கி, மாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். இழை எடுப்பது என்று பெயர். வீட்டில் மூத்தவர் கொடுக்க மற்றவர் வாங்கவேண்டும். எங்கள் வீட்டில் இப்போது மூத்தவள் நான். மகனும் மருமகளும் பேரனும் என் கையிலிருந்துதான் வாங்குகிறார்கள். அன்று ஒருநாள் எந்தக் கணக்கிலும் நான் அரை இல்லை. மகன் ஹைதராபாத்தில் இருக்கிறான். இந்த வருஷம் அங்கேயே நகரத்தார் குடும்பங்கள் சேர்ந்து நடத்தினார்கள், போய்ச் சேர்ந்துகொள் என்றேன். "இல்லை ஆத்தா, உங்க கையால வாங்கணும்" என்று ராத்திரி பஸ் ஏறி வந்தான்.

கண்ணாத்தாள்பேரன் தம்பி, உங்கள் அம்மா எங்கே நின்றார்கள்? நீங்கள் எழுதவில்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#9 தேரோடும்வீதி (தேவகோட்டை வட்டாரம்)

எல்லாரும் "போனோம், நின்னோம்"னு எழுதுறீங்க. போக விடாத இடமும் நம்ம பக்கத்துலதான் இருந்துச்சு.

கண்டதேவி தேர். ஆனித் திருவிழா. நாலு நாட்டுக்காரங்க வடம் பிடிப்பாங்க. நாடுன்னா சுத்துப்பட்டு ஊர்களோட தொகுப்பு. எங்க தெரு ஆளுங்க வடத்தைத் தொடக்கூடாதுன்னு இருந்ததுதான் மொத்தப் பிரச்சினைக்கும் மூலம். பல வருஷம் வழக்கு, பல வருஷம் தேர் நின்னுச்சு. 2006-க்குப் பொறவு ஓடவே இல்லை. உயர்நீதிமன்றம் சொல்லி, எல்லாருமாச் சேர்ந்து வடம் பிடிச்சு, 2024 ஜூன் மாசம் ஓடுச்சு. வழி முழுக்கப் போலீஸ்.

எங்க தாத்தா வருஷா வருஷம் தேர்த் திருவிழாவுக்குப் போனவரு. தூரத்துல, கண்மாய்க்கரைப் பக்கம் நின்னு கும்பிட்டுட்டு வருவாரு. "வடம் பிடிக்க விட மாட்டாங்கன்னு தெரிஞ்சும் ஏன் தாத்தா போற?"ன்னு நான் சின்ன வயசுல கேட்டிருக்கேன். "நாம போகலைன்னா நாம இல்லைன்னு ஆயிரும்டா"ன்னாரு. எனக்கு அன்னைக்கு அது அடிமைத்தனமாத் தெரிஞ்சுச்சு. இப்ப அப்படித் தெரியலை. அவரு தொடர்ந்து போய் நின்னதுனாலதான் "நாங்களும் இந்தத் தேருக்கு உரியவங்க"ன்னு எங்க அப்பா தலைமுறை கேட்க முடிஞ்சுச்சு. போகாம விட்டிருந்தா, இது இவங்களுக்குச் சம்பந்தம் இல்லாத திருவிழான்னு சொல்லியிருப்பாங்க.

2024-ல் தாத்தா இல்லை. அப்பா போனாரு. நானும் போனேன். தேர் நகர்ந்த சத்தம் கேட்டப்ப அப்பா என் கையைப் பிடிச்ச பிடி ரெண்டு நாள் வலிச்சுச்சு. வீட்டுக்கு வந்து தாத்தா படத்துக்கு முன்னாடி விபூதியை வச்சாரு. வேற எதுவும் செய்யலை.

வர்றது ஒருத்தரோட அடையாளத்தைக் காட்டுதுன்னு பேசுறீங்க. சரிதான். யார் வரலாம்னு முடிவு பண்றவங்க கையில அந்த அடையாளம் சிக்கிக் கிடக்கும்ங்கிறதையும் சேர்த்துப் பேசுங்க.

#10 நெறியாளர்

தேரோடும்வீதி எழுதியதற்குக் கீழே வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் மரியாதையோடு எழுதலாம். சாதிப் பெயர் சொல்லி ஏசினால் கணக்கு முடக்கப்படும்.

#11 பழையபெட்டகம் (காரைக்குடி)

தேரோடும்வீதி தம்பிக்கும் தேவகோட்டை ஆச்சிக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் எண்ணிக்கையை உள்ளே நின்று சொன்னேன். முழுப்புள்ளியாக, முன்வரிசையில், 48 வருஷமாக நிற்கிறவன். எனக்கு அந்தக் கணக்கு இதமாக இருந்ததால் அதன் ஓரம் எங்கே முடிகிறது என்று யோசித்ததில்லை. முகப்புத்தூண் தம்பி எழுதியபோதுகூட, கல்யாணம் பண்ணிக்கொண்டால் சரியாகிவிடும் என்றுதான் பதில் எழுத வைத்திருந்தேன். அனுப்பவில்லை, அழித்துவிட்டேன்.

தம்பி, உங்கள் தாத்தா கண்மாய்க்கரையில் நின்ற அதே திருவிழாவுக்கு நானும் சிறுவயதில் போயிருக்கிறேன். கரைப் பக்கம் நான் திரும்பிப் பார்த்த ஞாபகமே இல்லை.

#12 பங்குனிஅத்தம் (பள்ளத்தூர்)

முகப்புத்தூண் கம்பன் விழாவுக்கு வருவதாக எழுதியதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓய்வு பெற்ற தமிழாசிரியை நான். 31 வருஷமாகப் போகிறேன்.

1939-ல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் தொடங்கியது. காரைக்குடியில் நடந்து, பங்குனி அத்தத்தன்று கம்பர் அடங்கியதாகச் சொல்லும் நாட்டரசன்கோட்டையில் நிறைவடையும். இங்கே யாரையும் வீடுவீடாகப் போய் அழைப்பதில்லை. மொய் கிடையாது. நீங்கள் வராவிட்டால் கேட்க ஆள் கிடையாது. சொன்ன மணிக்குத் தொடங்கிவிடுவார்கள், எவ்வளவு பெரிய ஆளுக்காகவும் காத்திருப்பதில்லை என்பது இந்த விழாவுக்கு ஆதியிலிருந்து உள்ள பெயர்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒருவர் வருகிறார் என்றால் அவராகவே தேர்ந்தெடுத்து வருகிறார். பிறப்பும் கல்யாணமும் தராத ஓர் அடையாளம் அங்கே கிடைக்கிறது. ரசிகர் என்ற அடையாளம். எனக்கு அது எவ்வளவு பெரிது என்று சொன்னால்தான் புரியும். கல்யாணமாகிப் பள்ளத்தூர் வந்த புதிதில் நான் ஒரு வீட்டின் மருமகள், அப்புறம் இன்னாரின் அம்மா. முதல்முறை கம்பன் விழாவுக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போன அன்று, பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு முதியவர் என் ஊரையோ வீட்டையோ கேட்கவில்லை. "வாலி வதையில் நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்டார். இடைவேளை முழுக்கச் சண்டை போட்டோம். நான் வாலி பக்கம். அவருக்கு என் பெயர் கடைசிவரை தெரியாது. மறுவருஷம் என்னைப் பார்த்ததும் "வாலி கட்சி வந்தாச்சு" என்றார். எட்டு வருஷம் அப்படித்தான் கூப்பிட்டார். ஒன்பதாம் வருஷம் அந்த நாற்காலி காலி. யாரிடம் விசாரிப்பது என்றுகூடத் தெரியவில்லை, எனக்கும் அவர் பெயர் தெரியாதே. அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழு விழாவையும் கேட்டேன்.

ஆகவே தேர்ந்தெடுத்த கூட்டத்திலும் வராதவர் தெரிவார், தம்பி. அங்கேயும் ஓர் எண்ணிக்கை நடக்கிறது. ரசீது இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

#13 முகப்புத்தூண் (புனே)

டீச்சர், பங்குனியில் நான் எங்க உட்கார்ந்திருப்பேன்னு சொல்றேன்: இடது பக்கம், கடைசியிலிருந்து நாலாவது வரிசை. நான் ராமர் கட்சி. வாங்க, பேசலாம்.

பெட்டகம் ஐயா, நீங்க அழிச்ச பதிலுக்கு நன்றி.

#14 கட்டுமாடு (திருப்பத்தூர் வட்டாரம்)

ஸ்டேட்டஸ் போடுறதுக்காகவே வர்ற கூட்டத்தைப் பத்தி யாரும் எழுதலையேன்னு பார்த்தேன். போன வருஷம் பொட்டல்ல மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு செல்பி எடுத்த பயலை நானே இழுத்துப் போட்டேன், இல்லைன்னா குடல் சரிஞ்சிருக்கும். அவனை நாலு வார்த்தை கேட்டேன். அவன் சொன்னது: "அண்ணே, துபாயில எங்க அண்ணன் இருக்கான். அவனுக்கு அனுப்பத்தான். இந்த வருஷம் நம்ம வீட்டுல ஒரு ஆளாவது வந்திருக்கோம்னு அவனுக்குத் தெரியணும்."

அதுக்கு மேல என்ன சொல்றது? வேலிக்குப் பின்னாடி நின்னு எடுன்னு சொல்லிட்டு வந்தேன். பொட்டலுக்கு வர்றவங்க தயவுசெஞ்சு வேலிக்கு உள்பக்கம் வராதீங்க. வருஷா வருஷம் வேடிக்கை பார்க்க வந்தவங்கதான் அதிகம் குத்துப்படுறாங்க. போட்டோ முக்கியம்தான், நீங்க வீடு போய்ச் சேர்றது அதைவிட முக்கியம்.

#15 கண்ணாத்தாள்பேரன் (சிங்கப்பூர்)

ரெண்டு நாளா பதில் எழுதாததுக்கு மன்னிக்கணும். தேவகோட்டை ஆச்சி கேட்ட கேள்விதான் காரணம்.

அம்மா எங்க நின்னாங்கன்னு எனக்குத் தெரியலை. இதை எழுதவே வெட்கமா இருக்கு. வீட்டிலிருந்து எங்களோட கிளம்பினாங்க, அரிசிப் பையை அவங்கதான் எடுத்துக்கிட்டு வந்தாங்க. அடுப்பு பத்தவச்சப்ப பக்கத்தில் இருந்தாங்களா? நினைச்சுப் பார்க்கிறேன், முகம் வரலை. என் போன்ல 84 போட்டோ இருக்கு. எல்லாத்தையும் பெருசு பண்ணிப் பார்த்தேன். ஒண்ணுல, ரொம்பப் பின்னாடி, மண்டபத் தூணைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சேலைத் தலைப்பு மட்டும் தெரியுது. அந்த நீலச் சேலை நான் வாங்கிக் குடுத்தது.

நேத்து போன் பண்ணிக் கேட்டேன். "உங்க அப்பச்சி போனதிலிருந்து அங்கதானப்பா நிக்கிறேன். எல்லாப் பானையும் தெரியும் அங்கிருந்து"ன்னாங்க. பதினோரு வருஷம். அதுல ஆறு வருஷம் நான் வந்திருக்கேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை.

மகளைக் கூப்பிட்டு இந்த இழை முழுக்க வாசிச்சுக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கச் சிரமம், கேட்டா நல்லாப் புரியும். தேர் பத்தி எழுதினதை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னா. முடிச்சதும் அவ கேள்வியை அவளே மறந்துட்டா, வேற கேட்டா: "அப்பத்தா தனியா நின்னாங்களா, யார்கூடவாவது நின்னாங்களா?"

அதையும் கேட்டேன். தூணுக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் கீழத்தெரு பெரியாச்சி, படியில் இன்னும் மூணு பேர். வருஷா வருஷம் அதே இடம். போன வருஷம் இருந்த ஒருத்தர் இந்த வருஷம் இல்லையாம்.

அடுத்த தையில் அவளை அந்தத் தூணுகிட்ட விடப்போறேன். அவளாத்தான் கேட்டா. நானும் வீட்டுக்காரியும் பானைகிட்ட, அவ அப்பத்தாகூட. அம்மாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வெயில் முகத்துல அடிக்கும், தொப்பி கொண்டு வரச் சொல்லு"ன்னாங்க.

#16 தேவகோட்டைமருமகள்

பாப்பாவுக்குத் தொப்பியோடு ஒரு விசிறியும் கொடுத்து அனுப்புங்கள். புகை அந்தப் பக்கம்தான் அடிக்கும். நானும் நாட்டரசன்கோட்டையில் பெண் எடுத்த வீடுதான், தை செவ்வாய்க்கு வரலாம் என்றிருக்கிறேன். தூண் எந்தப் பக்கம் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.